வலிப்பு நோயும் கஞ்சா எண்ணெயும்: மூளைக்குள் நடப்பது என்ன?

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இந்த விழாவில் மருத்துவம் சம்பந்தமாக ஏதாவது பேசும்படி சங்கச் செயலாளர் கேட்டார். தலைப்பை நானே தெரிவுசெய்யலாம் என்றும் சொன்னார். நான் தலைப்பைச் சொன்னதும் தொலைபேசியில் சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு, "கஞ்சாவோ? எங்கட பள்ளிக்கூட மண்டபத்திலயோ?" என்று கேட்டார். ஓம் அக்கா, கஞ்சாதான். தலைமயிர் ரிபன் ஒரு அங்குலம் இறங்கினாலே வெளியே நிறுத்தி வைக்கப்பட்ட மண்டபம் இது. இங்கே நின்று அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் சொல்ல வேண்டிய காரணம் ஒன்று உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கிளினிக் நாளில் ஒரு தாய் பதினைந்து வயது மகளுடன் என்னிடம் வந்தார். பிள்ளைக்கு ஏழு வயதிலிருந்து வலிப்பு நோய். இரண்டு வகைக் குளிசைகள் எடுத்துக்கொண்டிருந்தாள். அப்படியிருந்தும் மாதத்தில் ஒன்றிரண்டு தடவை வலிப்பு வந்துகொண்டிருந்தது. தாய் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "டொக்டர், கஞ்சா எண்ணெய் வலிப்புக்கு நல்லதாமே? வெளிநாட்டில எல்லாரும் குடுக்கினமாம்." வெளியே எழுபது பேர் காத்திருந்தார்கள். நான் அட்டையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அதொண்டும் வேண்டாம் அம்மா, குளிசையை ஒழுங்காய்க் குடுங்கோ" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

மூன்று வாரங்களின் பின் அந்தப் பிள்ளையை அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் கண்டேன். வலிப்பு நிற்காமல் நாற்பது நிமிடம் நீடித்திருந்தது. தாய் அழுதுகொண்டே விடயத்தைச் சொன்னார். வெளிநாட்டில் இருக்கும் உறவினர் ஒருவர் அன்பாக ஒரு சிறு போத்தல் எண்ணெய் அனுப்பியிருக்கிறார். "இது இயற்கை மருந்து, குளிசையை மெல்ல மெல்ல விடலாம்" என்று யாரோ வட்சப்பில் சொன்னதை நம்பிக் குளிசையைக் குறைத்து, கடைசியில் நிறுத்தியும் விட்டார்கள்.

அந்தப் போத்தலை அனுப்பியவர் என்னுடன் இதே பாடசாலையில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இதை இங்கே சொல்ல அவரே எனக்கு அனுமதி தந்திருக்கிறார். பிள்ளை பிழைத்துக்கொண்டாள். அந்த வருடம் சாதாரணதரப் பரீட்சை எழுதவில்லை. அடுத்த வருடம் எழுதினாள்.

என் தோழி செய்தது பிழையென்றால் நான் செய்ததும் பிழைதான். அந்தத் தாய் கேட்டது முட்டாள்தனமான கேள்வியல்ல. அதற்கு ஒரு நல்ல விடை இருக்கிறது. அன்று அதைச் சொல்ல எனக்கு நேரம் இருக்கவில்லை. இன்று செயலாளர் இருபது நிமிடம் தந்திருக்கிறார். அந்த விடையை உங்களுக்குச் சொல்கிறேன்.

உயர்தர உயிரியல் வகுப்பில் நரம்புத்தொகுதி படித்தது சிலருக்கு நினைவிருக்கும். இரண்டு நரம்புக்கலங்கள் ஒன்றையொன்று தொடுவதில்லை. இடையில் மிகச் சிறிய இடைவெளி உண்டு. ஒரு கலம் ஒரு இரசாயனப் பொருளை வெளிவிடுகிறது. அடுத்த கலத்தின் மென்சவ்வில் அதை ஏற்க ஒரு புரதம் காத்திருக்கிறது. அதற்கு வாங்கி என்று பெயர். பூட்டும் திறப்பும் போல என்று எங்கள் ரீச்சர் கரும்பலகையில் படம் கீறிக் காட்டினார்.

இப்படிப்பட்ட இரசாயனப் பொருட்களுள் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது அசற்றைல்கோலின். 1921இல் ஒட்டோ லோவி என்ற விஞ்ஞானி தவளையின் இதயம் ஒன்றின் நரம்பைத் தூண்டி அதன் துடிப்பைக் குறைத்தார். அதைச் சூழ்ந்திருந்த திரவத்தை எடுத்து இன்னொரு தவளை இதயத்தில் விட்டார். அதுவும் மெதுவாகத் துடித்தது. நரம்பு இரசாயனத்தால் பேசுகிறது என்பது அப்படித்தான் நிரூபணமானது. இந்தப் பரிசோதனை தனக்குக் கனவில் தோன்றியதாக அவரே சொல்லியிருக்கிறார். 1936இல் ஹென்றி டேலுடன் சேர்ந்து நோபல் பரிசும் பெற்றார்.

மூளையில் அசற்றைல்கோலினின் வேலை வேறு. அதைப் பாடசாலை மணியோடு ஒப்பிடலாம். மணி அடித்ததும் வகுப்பு நிமிர்ந்து இருக்கிறது, கவனிக்கிறது, படித்தது மனதில் பதிகிறது. அந்த மணியைக் கேட்பதற்கு மூளைக்கலங்களில் இரண்டு வகை வாங்கிகள் உண்டு. ஒன்று மஸ்கரினிக், மற்றது நிக்கொற்றினிக்.

மணி அளவுக்கு மீறி அடித்தால் என்ன நடக்கும்? இலங்கையில் வேலை செய்யும் எந்த வைத்தியரும் இதைக் கண்ணால் கண்டிருப்பார். தோட்டங்களில் தெளிக்கும் ஓகனோபொஸ்பேற்று வகைப் பூச்சிமருந்து உடலில் சேர்ந்தால், அசற்றைல்கோலினை உடைக்கும் நொதியம் வேலை செய்யாமல் போகிறது. அசற்றைல்கோலின் தேங்குகிறது. வியர்வை, வாய்நீர், சுருங்கிய கண்மணி, மூச்சுத் திணறல், கடுமையானால் வலிப்பு. நாங்கள் அற்றோப்பின் ஏற்றுகிறோம். அது மஸ்கரினிக் வாங்கியை அடைத்துவிடும். வலிப்புக்கு டயசிப்பாம் கொடுக்கிறோம்.

ஆய்வுகூடத்திலும் இதைப் பார்த்திருக்கிறார்கள். கண் அழுத்த நோய்க்குச் சொட்டு மருந்தாக நாம் பாவிக்கும் பைலோகார்ப்பின், மஸ்கரினிக் வாங்கியைத் தூண்டும் ஒரு பொருள். அதை அதிக அளவில் எலிக்கு ஊசியாகப் போட்டால் நீண்ட வலிப்பு வரும் என்பது 1980களின் தொடக்கத்தில் தெரியவந்தது. அந்த வலிப்பிலிருந்து பிழைத்த எலிக்குச் சில வாரங்களின் பின் தானாகவே வலிப்பு வரத் தொடங்கும். மனிதருக்கு வரும் வலிப்பு நோயைப் படிக்க இன்றும் இந்த முறை பயன்படுகிறது. மஸ்கரினிக் வாங்கிகளுள் எம்1 என்ற வகை இல்லாத சுண்டெலிகளுக்குப் பைலோகார்ப்பினால் வலிப்பு வருவதில்லை என்று 1997இல் காட்டினார்கள்.

இதிலே ஒரு விடயத்தைக் குறித்து வையுங்கள். அற்றோப்பினை முன்கூட்டியே கொடுத்தால் எலிக்கு இந்த வலிப்பு வராது. வலிப்பு நன்றாகப் பிடித்த பிறகு கொடுத்தால் நிற்காது. மணியால் தொடங்கிய கூச்சல், மணி நின்ற பிறகும் தன்பாட்டில் தொடர்கிறது.

அந்தக் கூச்சலை விளங்கிக்கொள்ள வகுப்பறைக்கே வாருங்கள். மூளையின் வகுப்பில் இரண்டு வகைப் பிள்ளைகள். ஒரு வகை சத்தமாகக் கதைப்பவர்கள். இவர்கள் குளுற்றமேற்று என்ற இரசாயனத்தைப் பாவிக்கிறார்கள். மற்ற வகை "சத்தம் போடாதேங்கோ" என்று அடக்கும் மாணவ முதல்விகள். இவர்கள் பாவிப்பது காபா என்ற இரசாயனம். இரண்டும் சமமாக இருந்தால் வகுப்பு நடக்கும். ஒரு பக்கம் மீறி எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே தாளத்தில் கத்தினால் அதுதான் வலிப்பு. முன்பு சொன்ன டயசிப்பாம், மாணவ முதல்விகளின் குரலைப் பலப்படுத்தும் மருந்து.

இனிக் கஞ்சாவுக்கு வருவோம்.

கஞ்சா வலிப்புக்கு உதவும் என்ற எண்ணம் வட்சப்பில் பிறந்ததல்ல. 1839இல் கல்கத்தாவில் பணியாற்றிய ஓ'ஷொக்னெசி என்ற வைத்தியர், வலிப்பு வந்த நாற்பது நாள் பெண் குழந்தைக்குக் கஞ்சாச் சாறு கொடுத்துக் குணம் கண்டதாக எழுதினார். 1964இல் இஸ்ரேலில் ரபாயேல் மெக்கூலமும் யெஹியேல் கயோனியும், போதை தரும் ரி.எச்.சி. என்ற பொருளைக் கஞ்சாவிலிருந்து பிரித்தெடுத்து அதன் கட்டமைப்பைச் சொன்னார்கள். 1988இல் மூளையில் அதற்கென ஒரு வாங்கி இருப்பது தெரிந்தது. அதற்கு சி.பி.1 என்று பெயர் வைத்தார்கள்.

கஞ்சாச் செடிக்கு மூளையில் வாங்கி ஏன்? கடவுள் நாங்கள் கஞ்சா பிடிக்கவேண்டுமென்று அதை வைத்திருக்க மாட்டார் அல்லவா? மூளையே அதற்குரிய பொருளை உற்பத்தி செய்கிறது என்பதுதான் விடை. 1992இல் அப்படியான முதலாவது பொருளைக் கண்டுபிடித்தார்கள். ஆனந்தம் என்ற சொல்லை வைத்தே அதற்கு ஆனந்தமைட் என்று பெயரிட்டார்கள். சில வருடங்களில் 2-ஏ.ஜி. என்ற இன்னொன்றும் தெரியவந்தது. வலிப்பைப் பொறுத்தவரை இந்த இரண்டாவதுதான் அதிகம் பேசப்படுவது.

2-ஏ.ஜி. செய்யும் வேலை அதிசயமானது. மற்ற இரசாயனங்கள் பேசும் கலத்திலிருந்து கேட்கும் கலத்துக்குப் போகும். இது மறுதிசையில் போகிறது. கேட்கும் கலம் இதை உண்டாக்கிப் பேசும் கலத்துக்கு அனுப்புகிறது. வகுப்பில் பின்வாங்கில் இருப்பவள் முன்வாங்குக்கு ஒரு துண்டு எழுதி அனுப்புவது போல. துண்டில் இருப்பது ஒரே வாசகம்: "போதும், மெல்லக் கதை." அந்தத் துண்டை வாங்கிப் படிப்பது பேசும் கலத்தின் நுனியில் இருக்கும் சி.பி.1 வாங்கி. 2001இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே இதைக் காட்டின.

இப்போது மணியும் துண்டும் சந்திக்கும் இடத்துக்கு வந்துவிட்டோம். கேட்கும் கலத்தில் எம்1 வாங்கி இருக்கிறது. அசற்றைல்கோலின் அதைத் தொட்டால், அந்தக் கலம் 2-ஏ.ஜி.யைக் கூடுதலாக உண்டாக்குகிறது. அதாவது மணி அடிக்கும்போது, "மெல்லக் கதை" என்ற துண்டும் கூடவே எழுதப்படுகிறது. விழிப்பைத் தூண்டும் பொருளே கட்டுப்பாட்டையும் கூட்டிக்கொண்டு வருகிறது.

நல்ல ஏற்பாடுதானே? ஆனால் துண்டு யாருடைய கைக்குப் போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கத்துகிற பிள்ளைக்குப் போனால் வகுப்பு அடங்கும். அடக்குகிற மாணவ முதல்விக்குப் போனால் அவள் வாயை மூடிக்கொள்வாள். வகுப்பு இன்னும் கத்தும். சி.பி.1 வாங்கி இருவரிடமும் இருக்கிறது. ஞாபகசக்திக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் அது கூடுதலாக இருப்பது மாணவ முதல்விகளில் ஒரு சாராரிடம். கத்துகிற பிள்ளைகளிடம் குறைவாகவே இருக்கிறது. ஆனால் அந்தக் குறைந்த அளவுதான் வலிப்பிலிருந்து காக்கிறது. கத்தும் கலங்களில் மட்டும் சி.பி.1 இல்லாதபடி செய்த சுண்டெலிகளுக்கு வலிப்பு மோசமாக வந்தது. அடக்கும் கலங்களில் மட்டும் அதை எடுத்தபோது அப்படி நடக்கவில்லை. இது 2006இல் வெளிவந்த ஆய்வு.

நான் முன்பு சொன்ன பைலோகார்ப்பின் எலிகளிலும் இதைப் பரிசோதித்தார்கள். 2003இல் வெளியான ஆய்வில், வலிப்பு நோய் உண்டான எலிகளுக்கு ரி.எச்.சி. கொடுத்தபோது வலிப்பு நின்றது. சி.பி.1 வாங்கியை அடைக்கும் மருந்தைக் கொடுத்தபோது வலிப்பு அடிக்கடி வந்தது, நீண்ட நேரமும் நீடித்தது. மூளை தன்னுடைய சொந்தப் பொருளாலேயே வலிப்போடு போராடிக்கொண்டிருந்தது என்பதை இது காட்டுகிறது.

மனிதரில்? வலிப்பு நோய்க்காகச் சத்திர சிகிச்சை செய்து அகற்றிய ஹிப்போகாம்பஸ் பகுதிகளை ஆராய்ந்து 2008இல் ஒரு முடிவு வெளிவந்தது. கத்தும் கலங்களின் நுனியில் சி.பி.1 வாங்கிகள் குறைந்துபோயிருந்தன. துண்டு எழுதப்படுகிறது, வாங்கிப் படிக்கத்தான் ஆள் இல்லை.

மற்ற வகையான நிக்கொற்றினிக் வாங்கியையும் ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். நித்திரையில் மட்டும் வலிப்பு வரும் சில குடும்பங்கள் உண்டு. அதற்குக் காரணம் இந்த வாங்கியின் ஒரு பாகத்தை ஆக்கும் பரம்பரையலகில் உள்ள பிழை என்று 1995இல் கண்டுபிடித்தார்கள். பரம்பரை வலிப்பு நோய்களுள் காரணமான பரம்பரையலகு முதன்முதலில் தெரியவந்த நோய்களில் இதுவும் ஒன்று. பேய் பிடித்தது, செய்வினை என்று நாங்கள் சொன்ன ஒன்றுக்கு, ஒரு புரதத்தில் ஒரு எழுத்துப் பிழைதான் காரணம்.

இனி அந்தத் தாயின் கேள்விக்கு விடை சொல்லலாம்.

கஞ்சாவில் நூற்றுக்கும் மேற்பட்ட கன்னாபினொயிட்டுகள் உண்டு. நமக்கு வேண்டியவை இரண்டு. ரி.எச்.சி. நேரடியாக சி.பி.1 வாங்கியில் பொருந்தும். அதற்குக் கத்துபவள் யார், அடக்குபவள் யார் என்று பார்க்கத் தெரியாது. எல்லோர் கையிலும் துண்டைத் திணிக்கும். எலியில் வலிப்பை நிறுத்திய அதே வகைப் பொருள் இன்னொரு மூளையில், இன்னொரு அளவில் வலிப்பை வரவழைக்கலாம். ஆய்வுகூடங்களில் செயற்கையாகச் செய்த கடுமையான கன்னாபினொயிட்டுகளைப் போதைக்காகப் பாவித்து வலிப்போடு வைத்தியசாலைக்கு வந்தவர்கள் உண்டு. வளரும் மூளைக்கு ரி.எச்.சி. செய்யும் தீங்கு வேறு.

மற்றது கன்னாபிடியோல், சுருக்கமாக சி.பி.டி. இது போதை தராது. சி.பி.1 வாங்கியில் சரியாகப் பொருந்துவதும் இல்லை. வேறு வழிகளில் வேலை செய்கிறது. 2017இல் வெளியான ஆய்வில், டிராவே நோய்க்குறி என்ற கடுமையான வலிப்பு நோய் உள்ள 120 பிள்ளைகளும் இளையோரும் சேர்க்கப்பட்டார்கள். அவர்களுடைய வழமையான மருந்துகளோடு சேர்த்து, ஒரு பகுதியினருக்குச் சுத்திகரிக்கப்பட்ட சி.பி.டி. கொடுத்தார்கள். அவர்களுக்கு மாதத்துக்கு வந்த பெரிய வலிப்புகளின் இடைநிலை எண்ணிக்கை 12.4இலிருந்து 5.9ஆகக் குறைந்தது. வெறும் திரவம் பெற்றவர்களுக்கு 14.9இலிருந்து 14.1. முற்றாக வலிப்பு நின்றவர்கள் சி.பி.டி. பெற்றவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் மட்டுமே. 2018இல் அமெரிக்கா இதை மருந்தாக அங்கீகரித்தது. டிராவே, லெனொக்ஸ்-கஸ்ரோ என்ற இரண்டு அரிய நோய்க்குறிகளுக்கு முதலிலும், 2020இல் இன்னொரு பரம்பரை நோய்க்கும் அனுமதி கிடைத்தது.

ஆகவே விடை இதுதான், அம்மா: ஓம், கஞ்சாவிலிருந்து எடுத்த ஒரு பொருள் சில அரிய வலிப்பு நோய்களுக்கு உதவுகிறது. அளந்து, சுத்திகரித்து, மற்ற குளிசைகளோடு சேர்த்து, இரத்தப் பரிசோதனை செய்து கொடுக்கும்போது உதவுகிறது. குளிசைக்குப் பதிலாக அல்ல. வல்புரோவேற்றுடன் சேர்ந்தால் அது ஈரலைப் பாதிக்கலாம். குளோபாசாமுடன் சேர்ந்தால் நித்திரைத் தன்மை அதிகரிக்கும். உங்கள் மகளுக்கு இருப்பது அந்த அரிய நோய்களில் ஒன்றல்ல.

போத்தலில் இருப்பது என்ன என்ற கேள்வியும் இருக்கிறது. 2017இல் அமெரிக்காவில் இணையத்தில் விற்ற 84 சி.பி.டி. பொருட்களை வாங்கிப் பரிசோதித்தார்கள். மேலே எழுதிய அளவு உள்ளே சரியாக இருந்தது 26இல் மட்டும். 18இல் ரி.எச்.சி.யும் இருந்தது. அன்போடு அனுப்பும் போத்தலில் என்ன இருக்கிறது என்று அனுப்புபவருக்கும் தெரியாது, குடிப்பவருக்கும் தெரியாது. இலங்கையில் கஞ்சா சட்டத்தால் தடைசெய்யப்பட்டது என்பதையும் மறக்க வேண்டாம். பார்சலைத் திறந்தால் பதில் சொல்ல வேண்டியது இங்கே இருக்கும் அந்தத் தாய்தான்.

அன்பான பழைய மாணவிகளே, முடிக்குமுன் மூன்று விடயங்களைக் கேட்கிறேன்.

முதலாவது, வெளிநாடுகளில் இருப்பவர்களுக்கு. ஊரில் ஒரு பிள்ளைக்கு வலிப்பு என்று கேள்விப்பட்டால் எண்ணெய் அனுப்ப வேண்டாம். கிளினிக்குக்கு வந்துபோகும் வாகனச் செலவு, ஸ்கான் எடுக்கப் போகும் நாளின் கூலி இழப்பு, இவற்றுக்கு உதவுங்கள். வலிப்பு நோய் உள்ளவர்களில் நூற்றுக்கு எழுபது பேர் சரியான மருந்தால் வலிப்பில்லாமல் வாழலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அநேகமாகக் குறைவது மருந்தல்ல, மருந்தை விடாமல் எடுக்கும் வசதி.

இரண்டாவது, குளிசையை நீங்களாக நிறுத்த வேண்டாம், எந்தக் காரணத்துக்காகவும். திருமணம் பேசும்போது மறைப்பதற்காக நிறுத்துகிறார்கள். பிள்ளை தங்கியதும் பயத்தில் நிறுத்துகிறார்கள். வல்புரோவேற்று போன்ற சில மருந்துகள் வயிற்றில் வளரும் குழந்தைக்குக் கூடாது என்பது உண்மை. அதனால்தான் கர்ப்பம் தரிக்கும் முன்பே வைத்தியரிடம் பேசி மருந்தை மாற்ற வேண்டும்.

மூன்றாவது, இந்த மண்டபம் சம்பந்தப்பட்டது. 1994இல் நான் ஆண்டு ஒன்பதில் இருந்தபோது, காலைப் பிரார்த்தனை நேரத்தில் எங்கள் வகுப்புப் பிள்ளை ஒருத்தி விழுந்து வலித்தாள். நாங்கள் ஓடிப்போய் அவள் கையில் திறப்புக்கோர்வையை வைத்து அழுத்தினோம். ஒருத்தி பற்களுக்கிடையில் கரண்டியைச் செருகினாள். அடுத்த தவணை அவள் பள்ளிக்கு வரவில்லை. ஏன் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. அவள் நன்றாகப் படிக்கிற பிள்ளை. இன்று இந்த மேடையில் நிற்பது அவளாகவும் இருந்திருக்கலாம்.

இரும்பு வலிப்பை நிறுத்தாது. வாய்க்குள் எதையும் வைக்கக் கூடாது. பிள்ளையை ஒருபக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். தலைக்குக் கீழே மெத்தென்று ஏதாவது வையுங்கள். மணிக்கூட்டைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டால் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். நின்ற பிறகு பக்கத்தில் இருங்கள். அடுத்த நாள் அவள் வகுப்புக்கு வரும்போது அவளுடைய வாங்கில் அவளுக்கு இடம் வைத்திருங்கள்.

இப்போது என் கிளினிக்கில் கேள்வியை நானே கேட்கிறேன்: "அம்மா, வேறு ஏதும் மருந்து, எண்ணெய் குடுக்கிறீங்களோ? சொல்லுங்கோ, நான் ஏச மாட்டேன்." ஒரு நிமிடம் கூடுதலாக ஆகிறது. அவ்வளவுதான்.

பூட்டும் திறப்பும் படம் கீறிக் காட்டிய எங்கள் உயிரியல் ரீச்சர் இன்று முன்வரிசையில் இருக்கிறார். ரீச்சர், நீங்கள் கீறிய படத்தில் அம்புக்குறி ஒரு பக்கம் மட்டும்தான் போனது. மறுபக்கமும் போகிறது என்று அதற்குப் பிறகு கண்டுபிடித்துவிட்டார்கள். கேட்பவர் சொல்வதைப் பேசுபவரும் கேட்க வேண்டும் என்று நானும் பிந்தித்தான் படித்தேன்.